பொண்ணு பக்கமா, மாப்பிள்ளை பக்கமா?

பெண் கொடுக்காமல், பெண் எடுக்காமல், கல்யாணமே நடக்காமல் சம்பந்தி ஆன மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் ராஜபாளையத்தில் மைக்செட் கடை வைத்திருந்தார். சந்தேகப்படுகிறவர்கள் அந்தக் காலத்தில் ஊருக்குள் வந்து, "சம்பந்தி வீடு எங்கே?" என்று கேட்டிருக்கலாம். "யாருக்குச் சம்பந்தி?" என்று ஒருவரும் திருப்பிக் கேட்டிருக்க மாட்டார்கள். கையை நீட்டி வழியைக் காட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அவருடைய நிஜப் பெயர் கடைப் பலகையில் இருந்தது. பலகையை யார் படித்தார்கள்?

எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு பஞ்சாலை ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்தது. மைக்செட் கடை மாடியில் அறை காலியாக இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். குழாய் ஸ்பீக்கர்களுக்கு நடுவில் குள்ளமாக, உருண்டையாக ஒருவர் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். என் பெயரைக் கேட்கவில்லை. ஊரைக் கேட்கவில்லை. அட்வான்ஸ்கூடக் கேட்கவில்லை.

"தம்பி பொண்ணு பக்கமா, மாப்பிள்ளை பக்கமா?"

"நான் ரூமுக்கு வந்தேங்க."

"ரூம் எங்க போயிரப் போவுது? அது மாடியிலதான் இருக்கும். மொதல்ல இதுக்குச் சொல்லுங்க."

அவர் காட்டிய சுவரில் கண்ணாடி போட்ட பெரிய படம் ஒன்று தொங்கியது. கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஜோடியாகக் கொடிகட்டிப் பறந்த நடிகரும் நடிகையும். இரண்டு பேரையும் சேர்த்து ஒரே மாலை. அவர்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தப் பத்திரிகை ஆபீஸ் வாசலில் மாப்பிள்ளை பக்கம் ஒரு கூட்டமும் பொண்ணு பக்கம் ஒரு கூட்டமும் வந்து நிற்கும். ஆசிரியர் பாவம், எத்தனை பேருக்குக் காபி வாங்கிக் கொடுப்பார்?

"ரெண்டு பக்கமும்னு வச்சுக்குங்களேன் அண்ணாச்சி" என்று மழுப்பினேன்.

"ரெண்டு பக்கமும் சாப்புடுதவன் சமையக்காரன் மட்டுந்தான் தம்பி" என்றார். ஆனாலும் சாவியைக் கொடுத்துவிட்டார்.

விஷயம் இதுதான். அந்த நடிகரும் நடிகையும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்று பத்திரிகைகளில் ரொம்ப காலமாகக் கிசுகிசு ஓடிக்கொண்டிருந்தது. ரகசியமாகத் தாலி கட்டிவிட்டார் என்று சிலர் எழுதினார்கள். கட்டப் போகிறார் என்று சிலர் எழுதினார்கள். அண்ணாச்சி நடிகரின் பரம ரசிகர். இந்த இழுபறி அவருக்குப் பிடிக்கவில்லை. "சின்னஞ்சிறுசுக மனசு தெரிஞ்ச பொறவு பெரியவங்க தள்ளிப்போடக் கூடாது" என்று முடிவெடுத்தார். சின்னஞ்சிறுசுகளுக்கு அப்போதே நாற்பது தாண்டியிருந்தது. பெரியவருக்கு அவர்களைவிட வயது குறைவு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டெய்லர் இருந்தார். ஜாக்கெட் தைப்பதில் கெட்டிக்காரர். நடிகை எந்தப் படத்தில் எந்த மாதிரி கை வைத்துப் போட்டாலும், படம் ஊருக்கு வந்த வாரமே அந்தக் கை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்களின் தோளுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். மீதி ஆறு நாளும் நடிகையின் ரசிகர் மன்றத் தலைவர்.

நான் வருவதற்கு முந்தைய ஒரு பங்குனி உத்திரத்தன்று, ஊரே ஆண்டாள் கல்யாணத்தில் இருக்க, ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டர் ஒன்றில் இந்த ஜோடியின் பழைய படத்தை மறுபடி போட்டிருந்தார்கள். அந்தப் படத்தில் கடைசிவரை அவர்களுக்குக் கல்யாணம் ஆகாது. அண்ணாச்சியால் பொறுக்க முடியவில்லை. ராஜபாளையத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களையும் தன் மைக்செட்டையும் கொண்டுபோய் இறங்கினார். தியேட்டர் வாசலில் நின்ற இரண்டு கட்அவுட்டுக்கும் ஏணி வைத்து மாலை மாற்றுவதென்று பேச்சு. யார் மாலை முதலில் என்று தகராறு வந்து, இரண்டு ஏணியிலும் ஆள் ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றார்கள். அப்போது டெய்லர்தான் முன்னால் வந்து கையைக் கூப்பினார்.

"எங்க ஊரு ஆண்டாள் காலத்திலேருந்தே பொண்ணு வீட்டு ஊருங்க. எப்படி நடந்துக்கிடணும்னு எங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் சொல்லுத மாதிரியே நடக்கட்டும். வாங்க சம்பந்தி, மொதக் காபி உங்களுக்குத்தான்."

ஒரு கிறிஸ்தவர் வாயிலிருந்து ஆண்டாள் சாட்சியாக வந்த அந்த 'சம்பந்தி' என்ற சொல்லை அண்ணாச்சி அன்றைக்குக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிறகு விடவேயில்லை. நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டார். மாலை மாறியது. மெட்ராஸில் இருந்த மணமக்களுக்கு மட்டும் விஷயம் தெரியாது.

அதோடு முடிந்திருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? அந்த வருடமே தலைதீபாவளி வந்தது. மாப்பிள்ளைக்குப் பட்டுச் சட்டை எடுக்க வேண்டியது பொண்ணு வீட்டுக் கடமை. டெய்லர் கடமை தவறாதவர். அளவுக்கு எங்கே போவது? தியேட்டர் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரில் டேப்பை வைத்து நடிகரின் தோளை அளந்தார். பக்கத்தில் நின்ற குதிரையையும் அளந்தார். நிஜக் குதிரை எவ்வளவு உயரம் இருக்கும் என்று ஜட்கா வண்டிக்காரரிடம் விசாரித்துக்கொண்டு வந்து கணக்குப் போட்டார். கணக்கில் பிழையில்லை. குதிரை படத்தில் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றதை மட்டும் மறந்துவிட்டார். ரோஜா நிறத்தில் தயாரான சட்டை முழங்காலைத் தொட்டது. அகலத்துக்கு அந்த நடிகர் மாதிரி இரண்டு பேர் நுழையலாம்.

அதை மெட்ராஸுக்கு அனுப்ப விலாசமும் இல்லை, தைரியமும் இல்லை. "மாப்பிள்ளைக்குப் பதிலா சம்பந்தி போட்டுக்கிடலாம், முறைதான்" என்று அண்ணாச்சியே ஒரு சட்டத்தை உண்டாக்கி மாட்டிக்கொண்டார். அகலம் அவருக்கென்றே தைத்த மாதிரி இருந்தது. நீளத்தை மடித்து வேட்டிக்குள் செருகினார். நான் அங்கே இருந்த காலம் முழுக்க தீபாவளிக்கு அவர் அந்தச் சட்டையைத்தான் போட்டார்.

மற்ற நாட்களில் போகவர இருப்பதும் குறையவில்லை. பொங்கலுக்கு இங்கேயிருந்து கரும்பும் மஞ்சளும் பஸ் ஏறும். கிறிஸ்துமஸுக்கு அங்கேயிருந்து முறுக்கும் அச்சு முறுக்கும் பஸ் இறங்கும். சம்பந்தி என்றால் சண்டையும் இருக்க வேண்டுமே, அதுவும் இருந்தது. போன இடத்தில் காபி ஆறிப்போயிருந்தது, மாப்பிள்ளை வீட்டாரை மதிக்கவில்லை என்று அண்ணாச்சி வாரக்கணக்கில் முறைத்துக்கொண்டிருப்பார். நடிகர் வேறு நடிகையோடு டூயட் பாடிய படம் ராஜபாளையத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழ். முதல் காட்சி பார்த்துவிட்டு நேராக பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விடுவார். டெய்லர் முன்னால் தலையைக் குனிந்து நிற்பார்.

"தொழிலுக்காக நடிச்சிருக்காரு சம்பந்தி. மனசுல ஒண்ணும் கெடையாது. பொண்ணு வருத்தப்படக் கூடாது."

"சரி சம்பந்தி. ஆனா அந்த மழைப் பாட்டுல செத்த தள்ளி நின்னுருக்கலாம்லா?"

"நானும் அதைத்தான் சொல்லுதேன். வயசு அப்படி."

இதையெல்லாம் அண்ணாச்சியின் மனைவி ஒரு சிரிப்போடு பார்த்துக்கொண்டிருப்பார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். "கூடப்பொறந்த தங்கச்சி பக்கத்துல மம்சாபுரத்துல இருக்கா. வருசத்துக்கு ஒருக்க எட்டிப் பாக்க நேரமில்ல. சம்பந்தி வீடுன்னா மட்டும் நின்னுக்கிட்டே பஸ்ல போறாரு" என்பார்.

பெரிய சோதனை ஒன்று நடுவில் வந்தது. நடிகைக்கு வயதாகி அம்மா வேடங்கள் வர ஆரம்பித்தன. நடிகருக்கு எத்தனை வயதானாலும் கல்லூரி மாணவர் வேடம்தான். ஒரு படத்தில் அவருக்கு இவர் அம்மா. போஸ்டரைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, படிச்சவுகதானே நீங்க. மாப்பிள்ளைக்கு அப்பா ஸ்தானத்துல நான் நிக்கேன். அந்தம்மா மாப்பிள்ளைக்கு அம்மான்னா, எனக்கு என்ன முறை ஆவுது?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மதினியின் குரல் வந்தது. "அப்ப நான் யாரு? அதையும் சேத்துக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க."

இரண்டு ஊரிலும் எங்கள் ஆட்கள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. வரவில்லை, ஓடவில்லை, அப்படி ஒரு படமே இல்லை என்று வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கல்யாணத்தால் எங்கள் வட்டாரத்துக்கே ஒரு பாட்டு பாடமாகிவிட்டது. அந்த ஜோடி படகில் போய்க்கொண்டே பாடும் டூயட். அண்ணாச்சியின் மைக்செட் எங்கே கட்டினாலும் முதல் பாட்டு அதுதான். கல்யாணத்துக்குப் போட்டால் பொருத்தம். காதுகுத்துக்கும் போடுவார். ஆலங்குளத்தில் ஒரு கட்சிக் கூட்டத்துக்குப் போட்டு, தலைவர் மேடை ஏறும்போது 'வா கண்ணே' என்று ஒலித்ததில், பேசிய பணத்தில் பாதிதான் கைக்கு வந்தது. அண்ணாச்சி கவலைப்படவில்லை. தலைவர் சிரித்துக்கொண்டே ஏறினார் என்பது அவர் கட்சி.

தொண்ணூறுகள் பிறந்தன. நான் ஆலை வேலையிலேயே இருந்தேன், அறையிலேயே இருந்தேன், கல்யாணம் ஆகாமலேயே இருந்தேன். டெய்லரின் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. நிஜ மாப்பிள்ளை, நிஜக் கல்யாணம். "மைக்செட் என்னுது, பந்தி விசாரிக்கதும் நானு. பொண்ணு வீட்டுல சம்பந்தி நிக்காம யாரு நிப்பா?" என்று அண்ணாச்சி ஒரு மாதத்துக்கு முன்பே பறந்துகொண்டிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்து அந்த நடிகை ஒரு வாரப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். நிருபர் பழைய காதலைப் பற்றிக் கேட்டிருந்தார். கல்யாணமும் இல்லை, காதலும் இல்லை, எல்லாம் பத்திரிகைகள் கட்டிவிட்ட கதை என்று பதில். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவர் எனக்கு அண்ணன் மாதிரி" என்றும் சொல்லி வைத்தார்.

நம் ஊரில் பொய்யைத் தாங்கிக்கொள்ளலாம், முறை மாறினால் தாங்க முடியாது. அண்ணன் என்றால் இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றால் அவர்களுக்காக நின்ற இரண்டு பக்கமும் பங்காளி. பத்து வருடத்துக்கும் மேலாகச் சம்பந்தியாக இருந்தவர் ஒரு பேட்டியில் பங்காளியாகிவிட்டார். அண்ணாச்சி சுவரிலிருந்த படத்தைக் கழற்றவில்லை. மாலையை மட்டும் எடுத்தார். படகுப் பாட்டு நின்றது. அந்த வாரம் ஒரு கல்யாண வீட்டில் விடிய விடிய பக்திப் பாட்டு போட்டு, மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் டெய்லர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தது. தபாலில் வந்தது.

"தபால்ல!" என்றார் அண்ணாச்சி. வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு டெய்லர் மனைவியைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்து வைத்திருக்க வேண்டும். அதைத் தபால்காரர் சைக்கிளிலிருந்து இறங்காமலேயே வீசிவிட்டுப் போயிருந்தார்.

"நேரமில்லாம அனுப்பியிருப்பாரு அண்ணாச்சி. போயிட்டு வாங்க" என்றேன்.

"எந்த முறையில போக? மைக்செட்காரனாவா? வழியில போறவனாவா?"

நான் சிரித்துவிட்டேன். இத்தனை வருடமும் வேடிக்கை பார்த்த பழக்கம். அவர் எழுந்து உள்ளே போனார். மதினி வாசலுக்கு வந்து கதவை லேசாகச் சாத்திக்கொண்டு நின்றார். அவர் குரல் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது.

"சிரிக்காதீய தம்பி. எங்களுக்குத்தான் புள்ள குட்டி இல்லைன்னு ஆயிப்போச்சு. இவிய பையனுக்குப் பொண்ணு பாக்கப் போறதும் இல்ல, பொண்ணைக் கட்டிக் கொடுக்கப் போறதும் இல்ல. அந்த டெய்லரை விட்டா இவியள சம்பந்தின்னு கூப்பிட இந்த உலகத்துல யாரு இருக்கா?"

அந்த வீட்டின் மாடியில் அத்தனை வருடம் குடியிருந்தும், அவர் ஏன் அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தார் என்று நான் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன்.

டெய்லர் என்னைக் கண்டதும் மிஷினை நிறுத்தினார். ஆள் இளைத்திருந்தார். அந்தப் பேட்டி வந்த பத்திரிகை வெட்டுத்துணிக் கூடையில் கிடந்தது.

"சம்பந்திக்குத் தபால்ல அனுப்பிட்டேன்னு கோவமா இருப்பாவ, தெரியும்" என்றார். "என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு அவிய வாசல்ல போய் நிப்பேன்? எங்க பொண்ணுலா சொல்லிப்பிட்டா! ஊரறிய மாலை மாத்தி, இம்புட்டு வருசம் சீர் வாங்கின பொறவு, அண்ணன்னு சொல்லிட்டாளே! அதை மாப்பிள்ளை வீட்டுல எப்படித் தாங்குவாவ? வாங்கன்னு கூப்பிட எனக்கு வாய் வரல தம்பி."

அங்கே ஒருவர் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று படுத்துக் கிடக்கிறார். இங்கே ஒருவர் தன் பெண் வாக்குத் தவறிவிட்டாள் என்று கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கிறார். அந்தம்மா மெட்ராஸில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

"மைக்செட்டுக்கு வேற ஆளுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லல. வேற மைக்செட்டு எப்படி எங்க வீட்டுல பாடும்?"

திரும்பி வந்து எல்லாவற்றையும் அண்ணாச்சியிடம் சொன்னேன். வேற மைக்செட் சொல்லவில்லை என்ற இடத்தில் அவர் முகம் கொஞ்சம் இளகியது. உடனே இறுக்கிக்கொண்டார். "ஆனா நேர்ல வரலியே" என்றார்.

கல்யாணத்தன்று விடிந்ததும் கடைக்கு முன்னால் வாடகை வேனில் குழாய்கள் ஏறிக்கொண்டிருந்தன. அண்ணாச்சி காக்கிச் சட்டை போட்டிருந்தார், வேலைக்குப் போகிற சட்டை. "தொழில் வேற, உறவு வேற. சொன்ன வேலைய முடிச்சிக் கொடுத்துட்டு வந்துருவேன்" என்று என்னைப் பார்க்காமலேயே சொன்னார். மதினி பட்டுப் புடவையில் முன்னாலேயே வேனில் ஏறி உட்கார்ந்திருந்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

சர்ச்சில் திருமணம் முடிந்து எல்லோரும் பக்கத்து மண்டபத்துக்கு வந்தார்கள். அண்ணாச்சி மண்டபத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் நிமிராமல் உட்கார்ந்திருந்தார். கீர்த்தனை ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மாப்பிள்ளையின் அப்பாவுக்கு நாற்காலி போட்டு முதல் காபி கொண்டுபோனார்கள். டெய்லர் அந்தத் தட்டை வழியில் மறித்து வாங்கினார். இன்னொரு கையில் ஒரு துணிப் பொட்டலம். நேராக மரத்தடிக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

"சட்டைய மாத்துங்க சம்பந்தி" என்றார் டெய்லர்.

பொட்டலத்தைப் பிரித்தால் ரோஜா நிறத்தில் பட்டுச் சட்டை.

"இந்தத் தடவை குதிரைய அளக்கல. இத்தன வருசமா உங்களைத்தான் கண்ணால அளந்துக்கிட்டு இருக்கேன். சரியா இருக்கும்."

அண்ணாச்சிக்குக் கை வரவில்லை. "பொண்ணு அண்ணன்னு சொல்லிட்டாளே சம்பந்தி" என்றார்.

"அதுக ரெண்டும் என்னமும் சொல்லிட்டுப் போவட்டும். அதுக பேச்சைக் கேட்டா நாம சம்பந்தி ஆனோம்?"

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தனக்கு வர வேண்டிய காபி மரத்தடிக்குப் போனதில் கொஞ்சம் மனவருத்தமும் இருந்தது. "இவிய யாரு?" என்று கேட்டார்.

டெய்லர் நிமிர்ந்து நின்றார். "இவிய எனக்கு மூத்த சம்பந்தி" என்றார். "நீங்க இப்பத்தானே வந்திருக்கீய."

அண்ணாச்சி காபியை வாங்கி ஒரு வாய் குடித்தார். சூடாக இருந்தது போலிருக்கிறது, குறை சொல்லவில்லை. மரத்துக்குப் பின்னால் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். தோளும் கையும் நீளமும் இம்மி பிசகவில்லை. ரெக்கார்டை மாற்றினார். ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்கக் கேட்கும்படி அந்தப் படகுப் பாட்டு கிளம்பியது. மண்டப வாசலில் நின்ற மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இதைத் தேய்ச்சுத் தேய்ச்சு நார் நாரா ஆக்கியாச்சு, இன்னும் விடமாட்டேங்காரு" என்று யாரிடமோ அலுத்துக்கொண்டார்.

முதல் பந்தியில் நிஜ சம்பந்திக்கும் டெய்லருக்கும் நடுவில் அண்ணாச்சிக்கு இலை போட்டார்கள். நான் இடம் தேடி நின்றுகொண்டிருந்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பழைய குறும்பு முகத்தில் திரும்பியிருந்தது.

"தம்பி இன்னும் பதில் சொல்லலியே. நீங்க பொண்ணு பக்கமா, மாப்பிள்ளை பக்கமா?"

"உங்க பக்கம் அண்ணாச்சி" என்றேன். "ரூம் கேட்டு வந்த அன்னைக்கிலேருந்தே."

அண்ணாச்சி கொஞ்சம் நகர்ந்து, தன் இலைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு இலை போடச் சொன்னார்.